கப்பல் வராத ஞாயிற்றுக்கிழமை

“இந்த அடுப்புக்குள்ளயா எம்மவ பிள்ளை பெறணும்?” என்று மாமியார் கேட்டார். அவர் மூக்கு நுனியில் வியர்வை சொட்டாக நின்றது. தலைக்கு மேலே தகரக் கூரை படக் படக்கென்று வெடித்துக்கொண்டிருந்தது. பங்குனி வெயிலில் தகரம் விரியும்போது அப்படித்தான் சத்தம் போடும். எங்களுக்குப் பழகிவிட்டது. பனங்காட்டு ஊரிலிருந்து வந்தவருக்கு யாரோ கூரை மேல் நடப்பது போல இருந்திருக்கிறது. இரண்டு முறை வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

யுத்தம் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்குக் குமாஸ்தா வேலை. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்து உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அப்பா உப்பளத்தில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவர். அம்மா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டாள். ஆகவே வீட்டில் அப்பா, நான், ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி, மூன்றே பேர். அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்பிள்ளை கிடையாது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று மாமியார் வந்ததில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று சொல்லியிருந்தார். திரும்பினால் நல்லது. திரும்பாவிட்டால் கத்தி வைக்க வேண்டி வரலாம், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றார். மாமியாரின் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் முதலில் தேரி மணலில் மாட்டுவண்டி. சக்கரம் பாதி புதையும். பிறகு ரோட்டில் நின்று பஸ்ஸை எதிர்பார்க்க வேண்டும். அந்த பஸ் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வலி எடுத்த பெண்ணை வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் எவ்வளவு நேரம் நிற்பது?

இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். மாமியார் முழுதும் கேட்டார். பிடிவாதக்காரிதான், ஆனால் காது கொடுப்பவர்.

“சரி மாப்பிள்ளை. ஆஸ்பத்திரி வேணும்னு சொல்லுதிய. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா இந்தப் புழுக்கத்துல வயித்துப் பிள்ளைக்காரி கிடந்தா ஆஸ்பத்திரி போறதுக்கு முந்தியே வெந்து போவா. சித்திரை பிறந்து ஒருநாள் வாரேன். இந்த வீட்டுக்குள்ள மனுசி மூச்சு விட முடிஞ்சா இருக்கட்டும். இல்லைனா கூட்டிட்டுப் போயிருவேன்.”

“அதுக்குள்ள காத்தாடி ஓடும் அத்தை,” என்றேன்.

காத்தாடி என்று நான் சொன்னது மேசை மின்விசிறியை. ஆபீஸ் துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். தலைமைக் குமாஸ்தாவுக்குச் சுவர்க்கடிகாரம். எனக்கு இது. தூக்கினால் முழங்கை கழன்றுவிடும் கனம். பித்தளை இறக்கைகள் பச்சை பூத்திருந்தன. அடியில் ஒரு தகட்டில் ஆங்கிலத்தில் என்னவெல்லாமோ பொறித்திருந்தது. அதை நான் சத்தம் போட்டு வாசித்தபோது அப்பா வாயைப் பிளந்து கேட்டார். வாசித்தேனே தவிர அது சுற்றவில்லை. வீட்டுக்காரர் தம் வீட்டிலிருந்து எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு கம்பி இழுத்துக் கொடுத்திருந்தார். அதில் செருகினால் உம்மென்று ஒரு முனகல். அவ்வளவுதான்.

ஓடாத மின்விசிறியை ஓட வைக்கத் தூத்துக்குடியில் யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்வியோடு நான் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. முதலில் மின்சாரக் கம்பெனி ஆள். கம்பத்திலிருந்து இறங்கியவரைப் பிடித்துக் கேட்டேன். “நம்ம வேலை மீட்டர் பெட்டியோட சரி. அதுக்கு உள்ள நடக்கிறது உங்க குடும்ப விசயம்,” என்று சொல்லி ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்து, பெரிய கடைவீதியில் பல்பும் கம்பியும் விற்கும் அண்ணாச்சி. அவர் மின்விசிறியைப் பழைய பித்தளைக்கு எடை போடுகிறவர் மாதிரி பார்த்தார். பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே சுழலும் தண்டில் உரசிக்கொண்டு நிற்க வேண்டிய கரித்துண்டு தேய்ந்துபோயிருக்கிறது என்றார். அதற்குக் கார்பன் என்று பெயர்.

“ஒரு கார்பன் தாங்க அண்ணாச்சி.”

“யுத்தத்துக்கு முந்தி வந்திருக்கணும் தம்பி.”

“யுத்தத்துக்கு முந்தி எங்கிட்ட காத்தாடி இல்லையே அண்ணாச்சி.”

“அப்ப எங்கிட்ட கார்பன் இருந்துது,” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் பல்பு எடுக்கப் போய்விட்டார்.

கடைசியில் அவரேதான் ஒரு வழியும் சொன்னார். திரேஸ்புரத்தில் ஒருவர் லாஞ்சி என்கிற மோட்டார் படகில் மெக்கானிக்காக இருக்கிறார், டைனமோ வேலை தெரிந்தவர், கையில் வேலை சுத்தம் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மெக்கானிக்கை எனக்குப் பெயர் அளவில் நன்றாகத் தெரியும். வாரத்தில் பாதி நாள் அவர் பெயரை நானே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாது. சில மைல் தள்ளிக் கடலிலேயே நிற்கும். சரக்கு ஏற்றிய தோணிகளை லாஞ்சி இழுத்துக்கொண்டு போய் வரும். கப்பல் நிற்கிற வரைக்கும் லாஞ்சி ஓய்வதில்லை. லாஞ்சி ஓய்ந்தால்தான் அதன் மெக்கானிக்கும் கரையில் கால் வைக்க முடியும். கப்பல் வருகிறது என்று தந்தி வந்ததும் லாஞ்சி ஆட்களுக்குச் சீட்டு எழுதி அனுப்புவது என் மேசை வேலை.

திரேஸ்புரத்துக்கு அவர் வீடு தேடிப் போனேன். நடுத்தர வயது, கடல் காற்றில் தீய்ந்த முகம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி. “ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சதும் நேரா உங்க வீடுதான் தம்பி. மாதா சாட்சியா வாரேன்,” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் தந்தி வந்தது. மறுநாள் விடியலில் கப்பல். சீட்டில் மற்றப் பெயர்களை எழுதிவிட்டு அவர் பெயருக்கு வரும்போது பேனா நின்றது. தலைமைக் குமாஸ்தா எட்டிப் பார்த்தார். “என்னவே, கப்பல் வருதுன்னா ஊரே சிரிக்கும். உம்ம மூஞ்சி மட்டும் எழவு வீடு மாதிரி இருக்கு?” எழுதினேன். என் ஞாயிற்றுக்கிழமையை நானே எழுதித் தொலைத்தேன்.

அடுத்த ஞாயிறும் கப்பல். யுத்தத்தில் அடைபட்டுக் கிடந்த சரக்கெல்லாம் அந்த ஒரு பங்குனியில்தான் நகர வேண்டும் என்று எவன் விதித்தானோ! துறைமுகம் செழிக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் ஒருத்தன் மட்டும் கடலைப் பார்த்துப் புகைக்கூண்டு தெரியக்கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். என் சம்பளமே அந்தப் புகைக்கூண்டிலிருந்து வருவது.

ஒருவழியாகக் கப்பல் இல்லாத ஒரு ஞாயிறு அமைந்தது. மெக்கானிக் வந்தார். மின்விசிறியைத் தரையில் சாய்த்து, இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு திருகாணிகளோடு மல்லுக்கு நின்றார். துருவேறி ஒன்றும் அசையவில்லை.

“எங்க பாட்டன் முத்துக்குளிச்சவன் தம்பி. கடலுக்கு அடியில போயி மூச்சை அடக்கிச் சிப்பி அள்ளிட்டு வந்திருவான். இந்த ஆணியை எடுக்கச் சொல்லியிருந்தா அவனும் செத்திருப்பான்.”

என் மனைவி உள்ளே சிரித்தது கேட்டது. ஆணி வந்தது. தேய்ந்த கார்பனை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லாஞ்சி டைனமோவிலிருந்து கழற்றிய பழைய கார்பன் ஒன்று கிடக்கிறதாம். இந்த அளவுக்கு அரத்தால் ராவிக் கொண்டுவந்து மாட்டினால் ஓடுமாம். “நாளைக்கே,” என்றார்.

நாளைக்குக் கப்பல். மின்விசிறி வயிறு திறந்து மூலையில் கிடந்தது. அதன் உயிர் அவருடைய சட்டைப் பையில் கடலுக்கும் கரைக்கும் போய் வந்துகொண்டிருந்தது. பொறுக்கமாட்டாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோணிகள் வந்து அணையும் துறைமுகப் பாலத்துக்குப் போய் நின்றேன். லாஞ்சி காலித் தோணிகளை அவிழ்த்துவிட்டு நிறைந்த தோணிகளைக் கட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் மேல்தட்டில் எண்ணெய்க் கையோடு நின்றார். நான் கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

“இங்கனதான் இருக்கு தம்பி! பத்திரமா இருக்கு!”

லாஞ்சி திரும்பிப் போய்விட்டது. பக்கத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள், அப்படி என்னத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று என்னையே பார்த்தார்கள்.

பங்குனி முடியப் போகிற ஒரு சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் அவர் வந்து நின்றார். ராவிய கார்பனை மாட்டினார். செருகினோம். இறக்கை ஒருமுறை தயங்கியது, பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அந்தத் தகரத்துக்கு அடியில் முதல்முதலாகக் காற்று! சுவரில் மாட்டியிருந்த காலண்டர் எழுந்து நின்றது. மனைவி அதன் எதிரே உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துவிட்டு, பிறகு துடைக்கத் தேவையில்லை என்று தெரிந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டார் வாசலில் கூடிவிட்டார்கள். அப்பா எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு ஆளுக்குக் கொஞ்சநேரம் முன்னால் நிற்கவைத்தார்.

புறப்படும்போது மெக்கானிக் எங்கள் மூவருக்கும் பொதுவாகச் சொன்னார். “வாரம் ஒருக்கா துடைங்க. ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. உப்பு ஏறாம பாத்துக்கிடுங்க. இந்த ஊருல மிசினைக் கொல்லுறது கரண்டு இல்ல, உப்பு.”

நாங்கள் கவனமாகவே இருந்தோம். தூத்துக்குடியில் உப்பு ஏறாமல் ஒரு பொருளை வைத்துக்கொள்வது என்ன லேசான காரியமா? டிரங்குப் பெட்டிப் பூட்டு, ஊசி, அரிக்கேன் விளக்கின் கைப்பிடி, எல்லாம் துரு. காலையில் துடைத்தால் சாயங்காலம் பிசுபிசுக்கிறது. நான் ஆபீஸ் போகும் முன் மின்விசிறியைத் துடைத்தேன். மனைவி மதியம் துடைத்தாள். அப்படியும் சித்திரை பிறந்த சில நாளில் அது கிரீச்சிட ஆரம்பித்தது. சுற்றும், இடையில் முனகும், மறுபடி சுற்றும். மாமியார் மறுநாள் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு முந்தின நாள் காலையில் நான் எரிச்சலோடு, “உப்புத் தின்னுது, வேற என்ன!” என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனேன். அன்றும் கப்பல்தான். சீட்டு எழுதினேன்.

சாயங்காலம் திரும்பியபோது முற்றத்தில் சாக்கு விரித்திருந்தது. அதன் மேல் மின்விசிறியின் பாகங்கள், கருவாடு காயப்போட்டது போல வரிசையாகக் கிடந்தன. அப்பா பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் எண்ணெய்த் துணி.

“என்னப்பா இது?”

“நீதான உப்புத் தின்னுதுன்னு சொன்ன? கழுவிட்டேன்.”

“கழுவிட்டியளா? எதைக் கழுவினிய?”

“எல்லாத்தையும்தாம்லே. உள்ள இருந்த உருண்டை இருக்கே, கம்பி சுத்துனது, அதுக்குள்ளதான் உப்பு நிறைய. முக்கி எடுத்தேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: “உப்புத் தண்ணி இல்லடா. நல்ல தண்ணி. குழாயில வரிசையில நின்னு பிடிச்ச தண்ணி. குடிக்க வச்சிருந்ததை ஊத்துனேன்.”

உப்பளத்துக்காரர்கள் எல்லோரும் செய்வது அது. வேலை முடிந்ததும் மண்வெட்டியையும் வாருபலகையின் இரும்பையும் நல்ல தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவித்தான் மூலையில் சாத்துவார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் கருவிக்கு ஒரு செம்பு உண்டு. அப்படிச் செய்யாதவன் ஒரு வருஷத்தில் மண்வெட்டியைத் தூக்கி எறிவான். அப்பாவுடைய மண்வெட்டி என் வயதை ஒத்தது. அந்த மரியாதையை மின்விசிறிக்கும் செய்திருக்கிறார். கத்த வேண்டும் போல இருந்தது. யாரைக் கத்துவது? நான் சொன்ன வார்த்தையைக் கேட்டுத்தானே செய்தார்! திரேஸ்புரத்துக்கு ஓடினேன்.

மெக்கானிக்கின் மனைவி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். “கப்பலுக்குல்லா போயிருக்காவ. ஆபீஸ்ல இருந்து சீட்டு வந்துச்சே, உங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

தெரியாமல் என்ன!

மறுநாள் மாமியார் உச்சிவெயிலில் வந்து இறங்கினார். வேண்டுமென்றேதான் அந்த நேரம். அப்பா அதற்குள் பாகங்களை எல்லாம் மாட்டி, துடைத்து, பித்தளையைப் புளி போட்டு விளக்கிப் பளபளவென்று வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தது.

“இதான் காத்தாடியா? போடுங்க மாப்பிள்ளை, பாப்போம்.”

“ஈரம் காயணும் அத்தை. நாளைக்குப் போடலாம்.”

“நேத்து வெயிலுலயே காஞ்சிட்டுலே,” என்றார் அப்பா. “போடு.”

மனைவி என்னைப் பார்த்தாள். போடவில்லையென்றால் மாமியார் பெட்டியைக் கட்டுவார். போட்டால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? ஒருவேளை ஓடிவிட்டால்? அந்த ஒருவேளையை நம்பித்தான் செருகினேன்.

இறக்கை ஒரு சுற்றுச் சுற்றியது. டப்பென்று ஒரு சத்தம். உள்ளிருந்து நீலமாக ஒரு வெளிச்சமும், தலைமயிர் தீய்ந்தது போல ஒரு நாற்றமும். வரிசை வீடுகளில் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். யார் வீட்டிலோ ரேடியோ பாட்டின் நடுவில் நின்றுபோயிருந்தது. “எவம்லே கரண்டைப் பிடுங்குனது?” என்று ஒரு குரல். “வேற யாரு, குமாஸ்தா வீடுதான்!” என்று இன்னொரு குரல். அப்பா புகையைக் கையால் விலக்கிக்கொண்டே மின்விசிறியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மாமியார் டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தார். மகளைப் பார்த்து, “ஏளா, சேலையை எடுத்து வை. வண்டிக்காரனை நிக்கச் சொல்லியிருக்கேன்,” என்றார்.

என் மனைவி எழுந்திருக்கவில்லை. அதுவரை இந்த விவகாரத்தில் அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை.

“எம்மா, உனக்கு என்ன வேணும்? எம்மேல காத்துப் படணும். அம்புட்டுத்தான? அது மிசின்ல இருந்து வந்தா என்ன, உங்கையில இருந்து வந்தா என்ன? விசிறியை எடு. இங்கன இருந்து வீசு.”

“நான் இங்கன உக்காந்துட்டா அங்கன மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?”

“மாட்டு வயித்துல ஒண்ணும் குறுக்க கிடக்கலியே. எனக்குல்லா கிடக்கு.”

மாமியார் வாசலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. வண்டிக்காரனிடம் போய் ஏதோ சொன்னார். வண்டி போய்விட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காற்றுக்குக் குறைவில்லை. பனையோலை விசிறி ஒன்று கிழிந்தால் இன்னொன்று. வீசும்போதெல்லாம் பேச்சும் கூடவே வரும். “சீமைக்காரன் காத்தாடி!” ஒரு வீச்சு. “ஆபீஸு! உத்தியோகம்!” இன்னொரு வீச்சு. “கடலை வாசல்ல வச்சிக்கிட்டுக் காத்துக்கு அலையுற ஊரு!” நான் சாப்பிட உட்கார்ந்தால் விசிறி வேகம் எடுக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் அந்தக் காற்றை வாங்கினேன். அப்பா பெரும்பாலும் முற்றத்திலேயே இருந்துவிட்டார்.

ஆனியில் வலி எடுத்தது. குழந்தை திரும்பவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம்தான், இருந்தும் ஜட்கா வைத்துக்கொண்டு போனோம். கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். பெண்குழந்தை. தாயும் பிழைத்தாள். வராந்தாவில் மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் விசிறி இருந்தது, வீசவில்லை. “அந்த ரோட்டுல நின்னிருந்தோம்னா...” என்றார்.

மெக்கானிக் ஐப்பசியில் வந்தார். நல்ல மழை. கப்பல்கள் வருவது குறைந்திருந்தது. போர்வை போர்த்திக்கொள்கிற குளிர். “எங்க தம்பி அந்தக் காத்தாடி? அன்னைக்கு வந்தியளாமே, வீட்டுல சொன்னா,” என்றார். அன்றைக்கு என்று அவர் சொன்னது சித்திரையை.

பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திறந்து உள்ளே பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

“யாரு இதைக் குளிப்பாட்டுனது?”

அப்பா குழந்தையைத் தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருந்தார். “நான்தான் அண்ணாச்சி,” என்றேன்.

“நீங்களா? படிச்ச பிள்ளைன்னுல்லா நினைச்சேன்!”

“அவன் இல்லை, நான்தான் கழுவுனேன்,” என்றார் அப்பா, உலாத்துவதை நிறுத்தாமல். “நல்ல தண்ணிலதான் கழுவுனேன்.”

“நல்ல தண்ணியோ, பன்னீரோ, கம்பிக்குள்ள போனா போனதுதான் பெரியவரே.”

“நல்ல தண்ணி எப்படிக் கெடுக்கும்?” என்று அப்பா கேட்டார். கேள்வி என்னிடம் கேட்டது போலத்தான் இருந்தது. நான் குழந்தையின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, துணியை இழுத்துவிட்டேன்.

கம்பியை அவிழ்த்துப் புதிதாகச் சுற்ற வேண்டும், வீட்டில் வைத்துத்தான் முடியும் என்று மெக்கானிக் அந்த உருண்டையைக் கழற்றித் துண்டில் முடிந்து இடுப்பில் இடுக்கிக்கொண்டார். அடுத்த வாரம் கொண்டுவந்துவிடுவாராம். மாதா சாட்சியாக.

மறுநாள் ஆபீஸுக்குப் போனபோது மேசையில் தந்தி கிடந்தது. பேனாவில் மை நிரப்பிக்கொண்டு, லாஞ்சிக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தேன்.